இருபத்தெட்டாவது மட்டையாளர்

அமெரிக்க மக்கள் தங்கள் தேசிய ஆட்டமாகப் போற்றும் பேஸ்பாலில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்றொரு வழக்கு உண்டு. நிறைவாட்டம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 'நிறைவு' என்னும் சொல்லை இறைவனுக்கென்றே ஒதுக்கி வைத்துப் பழகிய நமக்கு, ஒரு விளையாட்டு அதனைத் துணிந்து எடுத்தாள்வது சற்று விந்தையாகவே தோன்றும். அந்த விந்தைதான் என்னை இக்கட்டுரைக்குள் இழுத்தது. மற்றபடி, கிரிக்கெட்டையே அரைகுறையாக அறிந்தவன் நான்.

ஆட்டத்தின் விதிகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் மூவர் ஆட்டமிழந்தால் அச்சுற்று முடியும். பந்து வீசுபவர் ஒருவரே தொடக்கம் முதல் இறுதிவரை வீசி, எதிரணியின் 27 மட்டையாளரையும் வந்த வரிசையிலேயே வெளியேற்றி, ஒருவரையேனும் முதல் தளத்தை மிதிக்க விடாதிருந்தால் அது நிறைவாட்டம். அடித்து ஓடியும் வரக்கூடாது. தவறான பந்துகள் நான்கினால் இலவசமாகவும் வரக்கூடாது. தம் அணியினர் பந்தை நழுவவிட்டதாலும் வரக்கூடாது. மேஜர் லீக் எனப்படும் உயர்மட்ட ஆட்டங்கள் 1876 முதல் இரண்டு லட்சத்துக்கும் மேல் நடந்துள்ளன. 2023-ஆம் ஆண்டு முடிய அவற்றுள் 24 மட்டுமே நிறைவாட்டங்கள். எவரும் இருமுறை இதனைச் சாதித்ததில்லை.

பந்து வீச்சாளர்களின் சாதனைப் பட்டியலை முதன்முறையாகப் பார்த்தபோது எனக்கு வியப்பளித்தவை பெரிய எண்கள் அல்ல, அவற்றின் நிழல்களே. 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் 511 வெற்றிகள் பெற்றார். அதை நெருங்கியவர் கூட எவருமில்லை. ஆயினும் மிகுதியான தோல்விகளுக்கு உரியவரும் அவரே; அவை 300-க்கு மேல். நோலன் ரயன் 27 பருவங்கள் வீசி, 5,714 பேரை 'ஸ்டிரைக் அவுட்' முறையில் வீழ்த்தினார். அவரே 2,795 பேருக்குத் தவறான பந்துகளால் முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்தார். இரண்டுமே இன்றளவும் முறியாத எண்ணிக்கைகள். எதிரணி ஒருமுறைகூடப் பந்தை அடித்துத் தளமேற முடியாத ஆட்டங்கள் ஏழினை அவர் வீசியிருக்கிறார். அதுவும் வேறெவர்க்கும் வாய்க்காதது. ஆனால் அந்த ஏழில் ஒன்றுகூட நிறைவாட்டம் அன்று.

நிறைவாட்டம் வாய்த்த டான் லார்சனோ தம் வாழ்நாளில் 81 வென்று 91 தோற்றவர். 1954-இல் மூன்று வெற்றிக்கு இருபத்தொரு தோல்வி என்ற நிலையில் இருந்தவர். 1956 அக்டோபர் 8-ஆம் நாள், உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக அவர் வீசியது அத்தொடரின் வரலாற்றிலேயே ஒரே நிறைவாட்டமாக நிற்கிறது. அவர் வீசிய கடைசிப் பந்து எல்லைக்கு வெளியே சென்றது என்று கருதுவோர் உண்டு. நடுவர் அதனை நல்ல பந்து என்றார், ஆட்டம் முடிந்தது. நடுவரின் ஒரு சொல் எவ்வளவு கொடுக்க வல்லது, எவ்வளவு பறிக்க வல்லது என்பதை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இன்னும் இருவரைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1959 மே 26-இல் பிட்ஸ்பர்க் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ் 12 சுற்றுகள், அதாவது 36 பேரை, ஒருவர் விடாமல் வெளியேற்றினார். ஆனால் அவருடைய அணி ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. பதின்மூன்றாம் சுற்றில் சக வீரர் ஒருவரின் பிழையால் ஒருவர் தளமேற, ஹாடிக்ஸ் தோற்றார். 1965 செப்டம்பர் 9-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சாண்டி கூஃபாக்ஸ் நிறைவாட்டம் வீசிய இரவில், எதிரணிக்கு வீசிய பாப் ஹெண்ட்லி ஒரேயொருமுறைதான் பந்தை அடித்துத் தளமேற விட்டார். அந்த அடியாலும் ஓட்டம் வரவில்லை. வேறொரு பிழையால் வந்த ஒற்றை ஓட்டத்தில் அவர் தோற்றார். கூஃபாக்ஸை உலகம் அறியும். ஹெண்ட்லியை நினைப்பவர் யார்?

இவையெல்லாம் நான் சொல்ல வந்ததற்கு முன்னுரை மட்டுமே. நான் சொல்ல வந்தது 2010 ஜூன் 2-ஆம் நாள் மாலை டெட்ராய்ட் நகரில் நிகழ்ந்தது.

வெனிசுவேலா நாட்டைச் சேர்ந்த அர்மாண்டோ கலராகாவுக்கு அப்போது வயது 28. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் கீழ்மட்ட அணிக்கு அனுப்பப்பட்டு, மே மாதத்தில்தான் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குத் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். அன்று கிளீவ்லாந்து அணிக்கு எதிராக எட்டுச் சுற்றுகளில் 24 பேரையும் வெளியேற்றினார். ஒன்பதாம் சுற்றின் முதல் மட்டையாளர் பந்தை ஆடுகளத்தின் ஆழத்துக்கு அடித்தார். ஆஸ்டின் ஜாக்சன் என்னும் இளைஞர் முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். இருபத்தைந்து. அடுத்தவரும் எளிதாக வீழ்ந்தார். இருபத்தாறு.

இருபத்தேழாவது மட்டையாளர் ஜேசன் டொனால்டு. அவர் தரையோடு அடித்த பந்தை முதல் தளக் காவலர் மிகேல் கப்ரேரா நகர்ந்து எடுத்து, தளத்தை நோக்கி ஓடிவந்த கலராகாவிடம் எறிந்தார். கலராகா பந்தைப் பிடித்துத் தளத்தை மிதித்துவிட்டார். டொனால்டின் கால் அதன்பிறகே தளத்தைத் தொட்டது. அரங்கம் ஆர்ப்பரிக்க எழுந்தது. அந்தக் கணத்தில் முதல் தள நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். ஓடியவர் தப்பினார் என்பது அதன் பொருள்.

கலராகா அப்போது செய்ததை ஒளிப்படக் கருவிகள் பதிவுசெய்திருக்கின்றன. அவர் கத்தவில்லை, கையுறையை எறியவில்லை. நடுவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு வீசும் மேட்டுக்குத் திரும்பி, இருபத்தெட்டாவது மட்டையாளரான டிரெவர் குரோவை வெளியேற்றி, 88-வது பந்தில் ஆட்டத்தை முடித்தார். டைகர்ஸ் 3-0 என வென்றது. அவருடைய பெயருக்கு எதிரே நிறைவாட்டம் என்று எழுதப்படவில்லை. ஒருவர் அடித்துத் தளமேறிய ஆட்டம் என்றே எழுதப்பட்டது. இன்றும் அவ்வாறே இருக்கிறது.

ஜாய்ஸ் அப்போது 54 வயதினர். இருபது ஆண்டுகளுக்கு மேல் உயர்மட்ட ஆட்டங்களில் நடுவராக நின்றவர். அதே மாதத்தில் வெளியான வாக்கெடுப்பு ஒன்றில் ஆட்டக்காரர்களே அவரைத் தலைசிறந்த நடுவராகத் தேர்ந்திருந்தனர். அன்றிரவு உடைமாற்றும் அறைக்குச் சென்று பதிவைப் பார்த்தார். பார்த்தபின் கதவைப் பூட்டிக்கொள்ளவில்லை. செய்தியாளரை உள்ளே விட்டார். தாம் தவறிழைத்ததாகவும், அந்த இளைஞனின் நிறைவாட்டத்தைத் தாமே பறித்துவிட்டதாகவும் சொன்னார். கோணம் சரியில்லை, வேகம் அதிகம், மனிதக் கண்ணால் இயலாதது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம்; அவற்றுள் ஓரளவு உண்மையும் இருந்திருக்கும். சொல்லவில்லை. கலராகாவைப் பார்க்க வேண்டுமென்று கேட்டு, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டு, அவரைத் தழுவிக்கொண்டார். கலராகா செய்தியாளரிடம், எவரும் நிறைவானவர் அல்லர் என்று சொன்னார். நிறைவாட்டத்தை இழந்தவன் வாயிலிருந்து அந்தச் சொல்!

மறுநாள் பகலிலும் அதே அணிகளுக்கு ஆட்டம் இருந்தது. ஜாய்ஸின் குடும்பத்தாருக்கு இரவெல்லாம் வசையும் மிரட்டலும் வந்திருந்தன. ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டும் அவர் மறுத்து, முதன்மை நடுவராக நிற்க வந்தார். ஆட்டம் தொடங்கும்முன் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுப்பது வழக்கம். அணியின் மேலாளர் அதைச் செய்வார். டைகர்ஸ் மேலாளர் ஜிம் லேலண்ட் அன்று பட்டியலைக் கலராகாவின் கையில் கொடுத்து அனுப்பினார். ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அதைப் பெற்றார். இருவரும் கைகுலுக்கினர், ஜாய்ஸ் இளைஞனின் தோளில் மெல்லத் தட்டினார். அரங்கத்தில் பலர் கைதட்டினர்.

இறையியல் கல்லூரியில் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் படிக்கும்போது, பாவ மன்னிப்புப் பெறுபவரிடம் இருக்க வேண்டியவை மூன்று என்று கற்றோம்: உள்ளத்தில் மனத்துயர், வாயினால் அறிக்கை, செயலினால் பரிகாரம். முதலிரண்டையும் இவ்வளவு முழுமையாக ஒரு மனிதர் வெளியரங்கில் செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் மூன்றாவது? ஜாய்ஸால் அதைச் செய்ய இயலவில்லை. அவர் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது லீகின் ஆணையர் பட் செலிக்கிடம் இருந்தது. அவர் நடுவரையும் ஆட்டக்காரரையும் பாராட்டினார், தீர்ப்பை மாற்றவில்லை. மிச்சிகன் மாநில ஆளுநர் அது நிறைவாட்டமே என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நல்லெண்ணம்தான், ஆனால் ஆட்டப் பதிவேட்டின்மேல் ஆளுநருக்கு அதிகாரம் கிடையாது. ஒரு கார் நிறுவனம் கலராகாவுக்குப் புதிய கார் ஒன்றைப் பரிசளித்தது. கார் வேறு, நிறைவாட்டம் வேறு.

ஆணையர் செய்தது சரியா? இதுவே என் கேள்வி. வாசகர் இதனை விளையாட்டுக் கேள்வியென்று தள்ளிவிடக் கூடாது.

அவர் தரப்பில் சொல்லத் தக்கவை உண்டு. நடந்ததை நடவாததாக்குவது கடவுளாலும் இயலாது என்று அக்குவினா தோமையார் வாதிட்டிருக்கிறார். அது கடவுளின் வல்லமைக் குறைவன்று, முரண்பாடான ஒன்று 'செய்யத் தக்க' பொருளே அன்று என்பது அவர் விளக்கம். அன்று நடுவர் கையை விரித்தார்; இருபத்தெட்டாவது மட்டையாளர் வந்தார்; ஆடினார். எந்த ஆணை வந்து குரோ ஆடியதை அழிக்கும்? மேலும், நடுவரின் தீர்ப்பு இறுதியானது என்னும் ஒப்பந்தத்தின்மேல்தான் ஆட்டம் நிற்கிறது. ஒருவருக்காக அதைத் தளர்த்தினால் நூறாண்டுத் தவறுகள் அனைத்தும் வரிசையில் நிற்கும். லார்சனின் கடைசிப் பந்தையும் மறுபடி விசாரிக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நிகழ்ந்ததை மாற்ற இயலாது என்பது உண்மை. பதிவேட்டை மாற்ற இயலாது என்பது அதிலிருந்து பெறப்படாது. உண்மையில் நிகழ்ந்தது என்ன? கலராகாவின் கால் முதலில் பட்டது. மாற்ற முடியாத அந்த இறந்தகாலம் கலராகாவின் பக்கம்தான் நிற்கிறது; பதிவேடுதான் அதற்கு எதிராக நிற்கிறது. திருத்தம் கோருபவர் இறந்தகாலத்தை மாற்றச் சொல்லவில்லை. அதனோடு ஒத்துப்போகும்படி எழுதச் சொல்கிறார்.

வழக்கமாக ஒரு தீர்ப்பை மாற்றினால் அதன்பின் நடந்தவை எல்லாம் குழம்பும் என்பதும் மெய். அதற்காகத்தான் ஆட்டங்கள் இறுதித் தீர்ப்பை நாடுகின்றன. ஆனால் இங்கே அதன்பின் நடந்தது ஒரேயொரு மட்டையாளரின் ஆட்டம். வெற்றி தோல்வி மாறாது. டொனால்டு ஓர் அடியை இழப்பார், குரோவின் கணக்கில் ஒரு தோல்வி குறையும். அவ்வளவே. 1983-இல் கேன்சஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட்டுக்கு எதிராக நடுவர்கள் தந்த தீர்ப்பை லீகின் தலைவர் மாற்றி, பாதியில் நின்ற ஆட்டத்தைச் சில வாரங்கள் கழித்துத் தொடரவும் செய்தார். அது விதியைப் பொருள்கொண்டதில் நேர்ந்த பிழை, இது கண்ணால் கண்டதில் நேர்ந்த பிழை என்று வேறுபாடு சொல்வர். வேறுபாடு மெய்யே. எனினும், பிழை செய்தவரே பிழையென்று ஒப்புக்கொண்டபின் அவ்வேறுபாடு எவ்வளவு தாங்கும்?

நம் திருச்சபையையே பார்ப்போம். 1431-இல் ஆயர் ஒருவர் தலைமையில் அமைந்த நீதிமன்றம் ஜோன் ஆஃப் ஆர்க்கைக் குற்றவாளி என்று தீர்த்தது, அவர் எரிக்கப்பட்டார். 1456-இல் திருச்சபையே அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக அறிவித்தது. வெந்த உடல் திரும்பவில்லை. அதனால் அந்த அறிவிப்பு வீண் என்று எவரேனும் சொல்வாரா? இன்றைய திருச்சபைச் சட்டமும், ஆளின் நிலையைப் பற்றிய வழக்குகள் ஒருபோதும் முற்றமுடிந்த தீர்ப்பு ஆவதில்லை என்கிறது. திருமண வழக்குகளில் பணிபுரியும் குருக்கள் இதை நன்கறிவர். தீர்ப்பின் உறுதியைவிட ஆளின் உண்மை நிலை பெரிது என்பதே அதன் உட்கிடை. பேஸ்பால் சாதனை ஓர் அருட்சாதனம் அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆணையர் அன்று திருத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மறுதரப்பினர் இன்னொன்றும் சொல்வர். அதுதான் என்னை நெடுநாள் மயக்கியது. நிறைவாட்டம் பதிவாகியிருந்தால் கலராகா அந்தப் பட்டியலில் மற்றொருவராக இருந்திருப்பார். அந்த ஆண்டு மே மாதத்திலேயே இருவர் அதைச் சாதித்திருந்தனர். பதிவாகாததால்தான் அந்தப் புன்னகையும் அந்தக் கண்ணீரும் உலகுக்குக் கிடைத்தன. எனவே தவறு அப்படியே இருப்பதுதான் அழகு என்பர். நற்செய்தியும் இதற்கு இடம்தருவது போலத் தோன்றும். விண்ணகத் தந்தையைப் போல் நிறைவுள்ளோராய் இருக்கச் சொல்கிறார் ஆண்டவர், மத்தேயுவின் ஏட்டில். அதற்கு இணையான இடத்தில் லூக்கா எழுதுவது 'நிறைவு' அன்று, 'இரக்கம்'. மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல் 'தெலெயோஸ்'. இலக்கை எட்டியது என்பது அதன் வேர்ப்பொருள். பிழையின்மை அன்று. எட்ட வேண்டிய இலக்கு அன்பே என்பர் அக்குவினா தோமையார். அவ்வாறாயின் கலராகா அன்றிரவு இருபத்தேழாவது ஆளிடம் இழந்த நிறைவை அந்தப் புன்னகையில் பெற்றுவிட்டார் அல்லவா? நானே இதை ஒருமுறை மறையுரையில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள்.

பிறகுதான் 2020-இல் நடந்ததை அறிந்தேன். பத்தாண்டுகள் கழிந்திருந்தன. 2012-க்குப் பிறகு கலராகா உயர்மட்ட ஆட்டம் எதிலும் வீசவில்லை. ஜாய்ஸும் அவரும் சேர்ந்து 2011-இல் ஒரு நூலே வெளியிட்டு நண்பர்களாகிவிட்டனர். அந்தக் கலராகா இப்போது, தாம் வீசியதை நிறைவாட்டமாக ஏற்கலாகாதா என்று வெளிப்படையாகக் கேட்டார். ஜாய்ஸும் அதை ஆதரித்தார். ஏற்கப்படவில்லை.

முதலில் எனக்குச் சிறு ஏமாற்றம் தோன்றியதை மறைக்க மாட்டேன். மன்னித்த மனிதர் மறுபடி கணக்குக் கேட்கிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோதுதான் எனக்கு அச்சம் ஏற்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பணிபுரிந்தபோது ஓர் அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்துக்காக அன்று. திண்ணையில் அமர்ந்து சொன்ன செய்தி. வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று சொல்லி, அண்ணன் அவரிடம் கையொப்பம் வாங்கியிருந்தார். பிறகுதான் அது தந்தை நிலத்தில் அவருக்குரிய பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று தெரிந்தது. அண்ணன் நோயில் விழுந்தபோது தங்கையை அழைத்து, உறவினர் முன்னிலையிலேயே அழுது மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவரும் மனமார மன்னித்து, அடக்கம் வரை உடனிருந்திருக்கிறார். நிலம் அண்ணன் மகன் பெயரில் இருக்கிறது. "மன்னிச்சிட்டேன் சாமி. அந்தப் பத்திரம் மட்டும் அப்படியே இருக்கணுமா?" என்று கேட்டார். மன்னித்தபின் அதை ஏனம்மா கிளறுகிறீர்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன். அவர் சரி சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பின் என்னிடம் அதைப் பேசவேயில்லை.

இறையியல் அறியாதவன் பிழைபட்டால் மன்னிக்கலாம். பறித்த பொருளைத் திருப்பித் தரும் கடமை மன்னிப்பினால் தானே நீங்குவதில்லை என்பது குருமடத்தில் நாங்கள் அறநெறிப் பாடத்தில் படித்த முதற்பாடங்களுள் ஒன்று. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தபோது ஆண்டவர், உன்னைத்தான் ஏற்றுக்கொண்டேனே, அதெல்லாம் எதற்கு என்று தடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாகச் சொன்னது அதன்பிறகே. இரக்கம் நீதியைத் தள்ளிவிடுவதன்று, அதன் முழுமை என்று தோமையார் சொல்வதையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அந்த அம்மாவின் மன்னிப்பு எனக்கு அழகாக இருந்தது. அதை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க விரும்பினேன். பத்திரம் அதில் கறையாகத் தோன்றியது.

கலராகாவின் புன்னகையையும் அவ்வாறே பார்த்திருக்கிறேன். தவறு அப்படியே இருப்பதுதான் அழகு என்று சொல்வது பார்வையாளருக்கு எளிது. மன்னிப்பு, இழந்தவன் தன்னிடமுள்ளதைக் கொடுப்பது. அதைக் காட்டி, அவனுக்குரியதைக் கொடாமலிருப்பதற்கு நியாயம் தேடினால், அவன் கொடையையே அவனுக்கு எதிரான சான்றாக்குகிறோம். ஜாய்ஸ் அதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டவரே, பதிவு திருத்தப்பட வேண்டுமென்று பத்தாண்டுகள் கழித்தும் கூடவே கேட்கிறார்.

2014 முதல் இத்தகைய தீர்ப்புகளைப் பதிவைப் பார்த்துத் திருத்த லீக் வழிசெய்தது. 2010-இல் அந்த ஏற்பாடு வேறுவகைத் தீர்ப்புகளுக்கு மட்டுமே இருந்தது. இனி இன்னொரு கலராகாவுக்கு இது நேராது. பிறருக்கெல்லாம் கிடைக்கும் அந்தத் திருத்தம், அதற்குக் காரணமாக இருந்தவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அந்த அம்மா இன்னும் அதே ஊரில் இருக்கிறார். அண்ணன் மகனுக்குத் திருமணம் செய்து வைத்தவன் நான்தான். என் சொல்லைக் கேட்பானா என்று தெரியாது. திருவருகைக் காலத்துக்கு முன் அந்த ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும். முதலில் அம்மாவின் வீட்டுக்கு, அதன்பின் அவன் வீட்டுக்கு.